அரைச் சக்கர கெத்து

ஆலங்குளத்தில் பஸ் ஏறினால் பாவூர்சத்திரம், தென்காசி, அப்புறம் செங்கோட்டை. இன்றைக்கு ஒரு டிக்கெட் போதும். 1947க்கு முன்பு இது ராஜ்யம் விட்டு ராஜ்யம் போகிற யாத்திரை. தென்காசி வரை வெள்ளைக்காரன் சீமை. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜா சீமை.

காசும் வேறு. 28 சக்கரம் சேர்ந்தால் மகாராஜாவின் ரூபாய் ஒன்று. வெள்ளைக்காரன் ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டரைச் சக்கரம்! சாம்ராஜ்யத்தின் கெத்தெல்லாம் அந்த அரைச் சக்கரத்தில்தான் இருந்தது போலும். மகாராஜாவின் சர்க்கார் காகிதத்தில் கொல்லம் ஆண்டு. எல்லை தாண்டியதும் 825 வருஷம் குறைந்துவிடும். செலவில்லாத இளமை.

செங்கோட்டை வாஞ்சிநாதன் மகாராஜாவின் பிரஜை. வேலை பார்த்ததும் மகாராஜாவின் வனத்துறையில். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் சுட்டதோ பக்கத்துச் சீமைக் கலெக்டர் ஆஷை. இரண்டு சர்க்காருக்கும் எத்தனை கடிதப் போக்குவரத்து வைத்தாரோ, பாவம் குமாஸ்தாக்கள்!

1956 நவம்பர் 1இல் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. தாலுகாவை முழுசாகத் தர மனசு வரவில்லை. மலைப்பக்கம் கேரளத்தோடு நின்றுவிட்டது. ஊர் முகப்பில் சங்கு முத்திரை வளைவு மட்டும் இன்னும் மகாராஜாவுக்கு விசுவாசமாக நிற்கிறது.

இப்போது புளியரை செக்போஸ்ட் வழியே நம் காய்கறியும் கல்லும் எம்-சாண்டும் மேற்கே போகின்றன. பதில் மரியாதையாக 2024இல் நெல்லைப் பக்கம் வந்து இறங்கியது ஆஸ்பத்திரிக் கழிவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகு, அந்த டிசம்பரிலேயே கேரளத்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின.