கழுதைக்கு நங்கூரம்

அக்காவின் மகன் ரோப்ளொக்ஸ் விளையாட்டுக்குள் மன்னாரைக் கட்டிக்கொண்டிருக்கிறான். பாலம் ஆயிற்று, பனைகள் ஆயிற்று, பள்ளிமுனைப் பெருக்க மரமும் ஆயிற்று. கழுதை இல்லாமல் மன்னாரா? ஒரு பட்டி கழுதைகளையும் இறக்கிவிட்டான். விளையாட்டை ஓடவிட்டதும் கழுதைகள் எல்லாம் தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்குப் போய்விட்டன.

“கேன்கொலைட் ஃபால்ஸ் எண்டு கிடக்கு மாமா. ஆங்கர்டும் ஃபால்ஸ். அதுதான் விழுது.”

அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் இப்படிச் சில பெட்டிகள். சரி போட்டால் ட்ரூ, எடுத்தால் ஃபால்ஸ். மூன்றாவது பேச்சே கிடையாது. கேன்கொலைட் ட்ரூ என்றால் பொருள் மற்றதோடு முட்டும். ஃபால்ஸ் என்றால் ஊடுருவிப் போகும். ஆங்கர்ட் ட்ரூ என்றால் நங்கூரம் போட்ட மாதிரி அந்தரத்திலும் நிற்கும். இரண்டும் ஃபால்ஸ் ஆனால் விழுந்துகொண்டே போய், மைனஸ் 500 உயரத்தைத் தாண்டியதும் விளையாட்டே அதை அழித்துவிடும். மன்னார் நகரத்து நடுவீதிக் கழுதைகளுக்கு ஆங்கர்ட் பெட்டியில் எவரோ எப்போதோ சரி போட்டுவிட்டார்கள் என்பது என் முடிவு. பஸ்காரர் எவ்வளவு ஹோன் அடித்தும் அந்தச் சரியை எடுக்க முடியவில்லை.

இந்த ஆம்-இல்லைக் கணக்குக்குப் பூலியன் என்று பெயர். ஜோர்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர் 1854இல் எழுதிய புத்தகத்தில் மனித சிந்தனையையே சமன்பாடாக்கினார். மழையில் நனைந்து போய், ஈர உடுப்போடு பாடம் நடத்திக் காய்ச்சலில் விழுந்தார். நனைந்து வந்த நோய்க்கு நனைப்பதே மருந்து என்று மனைவி தண்ணீர் ஊற்றினார் என்றொரு கதை உண்டு. 1864 டிசம்பரில் இறந்தார். பூலியன் தருக்கத்தின் தந்தை வீட்டிலேயே தருக்கம் அவ்வளவுதான்.

அவர் மன்னாருக்கு வந்திருந்தால் அந்தப் புத்தகத்தையே எழுதியிருக்கமாட்டார். “நாளைக்குக் கடலுக்குப் போறீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “கச்சான் காத்து நிண்டால் பாப்பம்.” கலியாணத்துக்கு வருவீர்களா? “பாப்பம்.” வாங்கின கடன்? அதுவும் பாப்பம்.

ரோப்ளொக்ஸின் நிரல் மொழி லுவாவ். அதற்குத் தாய்மொழியான லுவாவுக்கு மட்டும் இந்தப் ‘பாப்பம்’ விளங்கும். 1993இல் பிரேசிலில் பிறந்த லுவாவுக்குப் பூலியன் வகை வந்து சேர்ந்ததே 2003இல்தான். அதுவரை ‘நில்’ ஒன்றை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தியது. நில் என்றால் பெறுமதியே இல்லை. இன்றும் அதன் சட்டம் தாராளமானது: நில், ஃபால்ஸ் இரண்டையும் தவிர மற்றதெல்லாம் ட்ரூ. பூச்சியம்கூட ட்ரூ. கணிதத்தில் பூச்சியம் எடுத்த அன்று மருமகன் இதைச் சொல்லிப் பார்த்தான். அக்கா வேறு மொழிக்காரி. மேற்கோள் குறிக்குள் எந்தச் சரத்தைப் போட்டாலும் அதுவும் ட்ரூ. “ஃபால்ஸ்” என்று குறிக்குள் எழுதினாலும் ட்ரூதான். ஆகவே “பாப்பம்” என்பதும் ட்ரூ. எங்கள் ஊர்க் கலியாண வீட்டுக்காரர் பாப்பம் சொன்னவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறார்கள், லுவா படிக்காமலே.

நில்லுக்கு உதாரணம் தேடி நான் தூரம் போகவில்லை. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இரண்டு கரையிலும் ரயில் காத்து நின்றது. அப்போது அது ட்ரூ. பூல் இறந்து நூறு வருடம் கழித்து, 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை ஃபால்ஸ் ஆக்கியது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்தது. 1980களில் போரோடு அதுவும் நின்றது. அன்றிலிருந்து நில். கப்பல் உண்டு என்றும் இல்லை, இனி இல்லவே இல்லை என்றும் இல்லை. 2015இல் ரயில் மட்டும் திரும்ப வந்தது. தலைமன்னார் பியர்வரை வந்து, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

கப்பலைப் பற்றி அறிக்கை விடுகிற பெரியவர்களே, தயவுசெய்து “பரிசீலனையில் உள்ளது” என்று மேற்கோள் குறிக்குள் எழுதாதீர்கள். எங்கள் பிள்ளைகள் லுவா படிக்கிறார்கள். அதை ட்ரூ என்று எடுத்துக்கொண்டு, பெட்டியும் கையுமாகப் பியருக்குப் போய்விடுவார்கள்.