பருப்பு வேகும் ஊர்

சஸ்காட்டூனில் காரைக் கட்டிப்போடுகிறார்கள். ஆட்டைக் குற்றியில் கட்டுவதுபோல, காரின் மூக்கில் தொங்கும் எஞ்சின் ஹீட்டர் ஒயரை இழுத்துக் கம்பத்திலுள்ள பிளக்கில் செருகினால்தான் காலையில் எஞ்சின் கண் விழிக்கும். மைனஸ் 40 வரை போகிற குளிர். அந்த இடத்தில் செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும். கனடாக்காரனும் அமெரிக்கனும் சண்டை போடாத ஒரே புள்ளி. வெளியே இறங்கினால் மூக்குமுடி ஒவ்வொன்றாக விறைப்பது தெரியும். எங்கள் ஊரான அதியன்னூரில் மார்கழி விடியலில் அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு "என்னா குளிரு!" என்பாள். அங்கே அப்போது 22 டிகிரி இருக்கும்.

நான் வந்தது பருப்பைப் படிக்க. சிரிக்காதீர்கள், ஸ்டைபெண்ட் தருகிறார்கள். கோதுமையைத் தவிர வேறு நினைப்பில்லாமல், ஒரு வருஷம் விதைத்து மறுவருஷம் நிலத்தைத் தரிசாகப் போட்டுக்கொண்டிருந்த நாடு இது. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 1971-இல் பயிர் மேம்பாட்டு மையம் தொடங்கினார்கள். அங்கே ஆல் ஸ்லிங்கார்ட் என்பவர் 1978-இல் 'லேர்ட்' என்ற ரகத்தை வெளியிட்டார். நம்முடைய மைசூர் பருப்பின் பச்சை நிறப் பங்காளி அது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வேரில் வைத்துக்கொள்கிற பயிர், உரச்செலவும் குறைவு. தரிசெல்லாம் பருப்பானது. இன்று கனடாவின் மைசூர் பருப்பில் மிகப் பெரும்பகுதி சஸ்காச்சுவான் என்ற இந்த ஒரே மாகாணத்தில் விளைகிறது. விளைவிக்கிறவர்கள் வீட்டில் சாம்பார் கிடையாது என்பதுதான் இந்தக் கதையின் சிறப்பு.

இந்தப் பருப்புச் செடியின் பூவோ அரை சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். திறப்பதற்கு முன்பே உள்ளுக்குள் தன் கல்யாணத்தைத் தானே முடித்துக்கொள்ளும் ஜாதி. கலப்பின விதைக்காக முகூர்த்தத்துக்கு முன்னால் நான் புகுந்து, இடுக்கியால் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் மொட்டு உதிர்ந்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் ஒரு காயில் ஒன்றிரண்டு விதைதான். ஆனால் கிரீன்ஹவுஸுக்குள் சுகமான இளஞ்சூடு. வேலை இல்லாத நாளிலும் அங்கே போய் நின்று, ஏதோ ஆராய்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஊரில் வாழை, ரப்பர், பக்கத்து வீட்டு மதில் இவற்றைத் தாண்டிக் கண் போகாது. ஆனாலும் முக்குக்கு நடப்பதற்குள் நாலு பேர் "எங்க போற?" என்பார்கள். இங்கே வானம் தரையைத் தொடுகிற இடம்வரை தெரிகிறது. கேட்கத்தான் ஒருவரும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் கிடைப்பதெல்லாம் வானிலைப் பேச்சு. மைனஸ் 25 என்றால் "இன்று பரவாயில்லை" என்கிறார்கள். ஒரு நாள் நானும் சொன்னேன்.

விஞ்ஞானி கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க் 1935-இல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இதே பல்கலைக்கழகத்துக்கு வந்து, 10 வருஷம் இந்தக் குளிரில் தாக்குப்பிடித்தார். 1971-இல் வேதியியல் நோபலும் வாங்கினார். அவருக்கு ஓடிவர ஹிட்லர் இருந்தான். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஊரிலும் எங்கள் கதை எல்லைக் கதைதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலிருந்த நாங்கள் கேரளத்தில் தங்கிவிட்டோம். நாகர்கோவிலில் நான் மலையாளத்தான், திருவனந்தபுரத்தில் பாண்டி. சஸ்காட்டூனிலோ மலையாளிகளின் ஓணச் சாப்பாட்டுக்கும் போகலாம், தமிழர்களின் பொங்கலுக்கும் போகலாம். எல்லைக்காரனுக்கு இத்தனை காலத்தில் கிடைத்த ஒரே லாபம்.

இந்த மாகாணத்தில் கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. வருஷம் முழுக்க நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். காலையில் கஞ்சிப் பாத்திரத்தோடு போனில் வரும் அம்மா, "மக்களே, நீ இப்பவும் நேத்தைக்குத்தானா கெடக்க?" என்பாள்.

நெய்யாற்றின்கரையில் மாமாவுக்குப் பலசரக்குக் கடை. 2017 டிசம்பரில் டில்லி இந்தப் பருப்புக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை.

"மக்கா, பருப்பு வெளையிற எடத்துலேயே இருக்க. பத்துச் சாக்கு மலிவா அனுப்பச் சொல்லப்பிடாதா?"

"மாமா, இத்தன மாசம் பாடுபட்டு நான் உண்டாக்கினதே ஒரு பிடி விதைதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அதுக்கா ஒனக்கு ரூவா தாறான்?" என்று கேட்டுவிட்டு, கடையில் ஆள் நிற்கிறதென்று போனை வைத்துவிட்டார்.