போடிமெட்டு ஜீப் வகையறாவின் கருணை மனு

அனுப்புநர்: பழைய ஜீப் வகையறா, முந்தல் – போடிமெட்டு மலைச்சாலை, போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: பிறந்த தேதியைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்து முடிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய அமைச்சகத்துக்கு,

மேற்படி மனுதாரர் விடியுமுன் போடியில் கிளம்பி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மெட்டில் கேரள எல்லைக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிடுபவர். பொழுது சாய்ந்ததும் அவர்களையே ஏற்றிக்கொண்டு இறங்குபவர். அவர் நெற்றியில் இருப்பது வெள்ளை போர்டா மஞ்சள் போர்டா, உள்ளே எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளையும் இப்போதைக்குத் தள்ளிவைக்கும்படி வேண்டுகிறார். இரண்டாவதற்கு அவரே பின்னால் வருவார்.

மனுதாரரின் பூர்வீகம் அமெரிக்க ராணுவம். இரண்டாம் உலகப்போருக்காக வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப்பை 1947இல் பம்பாயில் மகிந்திரா பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்தில் அழகு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கனத்த இரும்புச் சேஸிஸ், அடியில் பட்டை, மேலே தட்டையான தகடு, மற்றதெல்லாம் நட்டு போல்ட்டு. ஸ்பேனர் பிடித்துப் பழகிய எந்தப் பையனும் கழற்றி மாட்டிவிடலாம். கிராஸ் போனால் கிராஸ், புஷ் போனால் புஷ், கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பிளேட். "கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தாத்தான் தெரியும், கம்பெனிக்குக் கொண்டு போங்க" என்று எந்தப் பட்டறையும் அவரைத் திருப்பி அனுப்பியதில்லை.

இதனால் ஒரு கணக்குச் சிக்கல் வந்திருக்கிறது. மனுதாரரின் இன்ஜினை முறைப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதி வாங்கி மாற்றியாகிவிட்டது. பாடியை இரண்டு தடவை புதிதாகக் கட்டியாகிவிட்டது. பட்டை, பிரேக், வயரிங் எதுவும் பழசு இல்லை. மிச்சமிருக்கும் பழசு, சேஸிஸும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தேதியும்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொந்த வண்டிக்கு 15 வருடம் தருகிறது. அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்படிப் புதுப்பிக்க ஒரு காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டியவர்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. வயசாக ஆக மதிப்பு கூடுவதை மனுதாரர் இந்த ஒரு இடத்தில்தான் பார்க்கிறார்.

காலத்தைப் பற்றி அரசாங்கத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு இருப்பதையும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறார். மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயிலை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்தினார்கள். திரும்பவும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். ஒரு வண்டிக்கு அமைச்சகம் முதலில் எழுதித்தரும் ஆயுளில் பெரும்பகுதி, பக்கத்துத் துறைக்குத் தண்டவாளம் மாற்றவே போய்விட்டது. ரயில் இல்லாத அந்தப் பன்னிரண்டு வருடமும் மனுதாரர் ஒரு நாள்கூட ரிட்டையர் ஆகவில்லை.

2021 ஆகஸ்டில் வந்த வாகன அழிப்புக் கொள்கையை மனுதாரர் குறை சொல்லவில்லை. தகுதிச் சோதனையில் தோற்ற வண்டிதான் காயலான் கடைக்குப் போக வேண்டும் என்று அதில் நியாயமாகவே எழுதியிருக்கிறது. உடைக்கக் கொடுத்தால் புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்குமாம். அதில் புது வண்டியின் டயர்களை வாங்கிவிடலாம்; டயருக்கு மேலே வேண்டியதைத் தவணையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பயமெல்லாம் டெல்லிப் பழக்கம் மலையேறிவிடுமோ என்றுதான். அங்கே 10 வயது டீசலும் 15 வயது பெட்ரோலும் ஓடக்கூடாது என்ற தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெயே ஊற்றக்கூடாது என்றார்கள். சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றது. இந்த ஏற்ற இறக்கம் போடிமெட்டில்கூடக் கிடையாது.

டெல்லியின் புகை நிஜம். 2000க்கு முந்தைய டீசல் இன்ஜினையும் 2020க்குப் பிந்தைய பி.எஸ். 6 இன்ஜினையும் ஒரே மூக்கால் மோந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். அதை அளக்கக் கருவி இருக்கும்போது காலண்டர் எதற்கு என்பதுதான் கேள்வி.

ஆயுள் முழுக்க உழைக்கும் கார் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அம்பாசடரை இழுப்பார்கள். 1950களின் கடைசியில் வந்த உருவத்தோடு 2014 மே வரை உத்தர்பாராவில் அது பிறந்துகொண்டே இருந்தது. உழைத்தது உண்மை. ஆனால் அதன் குறைகளும் சேர்ந்தே உழைத்தன. வேறு வண்டி கிடைக்காத நாட்டில் கம்பெனிக்கு என்ன அவசரம்? மனுதாரர் விஷயமும் அதுதான். பக்கவாட்டில் கதவில்லை, ஏர்பேக் இல்லை. பின்னால் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மடியில் ஆளை வைத்து, படியில் தொற்றிக்கொண்டு போகிற பெண்களுக்கு வளைவில் பிடித்துக்கொள்ளக் கம்பிதான். மனுதாரரின் பேரன் முறையாகும் தார் 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. தாத்தாவை அந்தச் சோதனைக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்தச் சுவரே இரக்கப்பட்டிருக்கும்.

ஆகவே, சாகாவரம் கேட்கவில்லை. சேஸிஸும் பாடியும் ஒரு மனுஷ ஆயுளுக்கு நிற்கும்படி கம்பெனிகள் செய்யட்டும். இன்ஜின், பிரேக், பெல்ட் ஆகியவை காலத்துக்கேற்ப மாற்றிப் பூட்டும்படி இருக்கட்டும். மாடலை நிறுத்தினாலும் உதிரிபாகத்தை நிறுத்தக்கூடாது என்று அவர்களுக்கு அமைச்சகம் உத்தரவிடட்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை ஒரு தளம் தொடங்கி, மோட்டார் வாகனத் துறையையும் அதில் சேர்த்திருக்கிறது. அமைச்சகம் நுகர்வோர் துறையோடு ஒரு டீ குடித்துப் பேசலாம்.

இன்னொன்று. தானியங்கிச் சோதனை மையத்தின் சமதளத்தில் பிரேக் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆளை ஏற்றி முந்தலுக்கு இறங்கும் வளைவில் ஒரு தடவை பார்க்கட்டும். அதில் தோற்றால் மனுதாரர் காயலான் கடைக்குத் தானே ஓடிப் போய்விடுவார். ஆனால் அவரை உடைப்பதற்கு முன்பே, தோட்ட வேலைக்கு நேரம் தவறாமல் ஏறுகிற பஸ் போடியிலிருந்து ஓடத் தொடங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அவரை நம்பி ஏறுவது பழைய வண்டி மீதுள்ள பாசத்தால் அல்ல.

இப்படிக்கு,
மனுதாரருக்காக.

இணைப்பு: ஆர்.சி. நகல் (நாலாவது கை), இன்ஷூரன்ஸ் நகல், புகைச் சான்று. பின் இருக்கை சீட் பெல்ட்டின் புகைப்படம், அப்படி ஒன்று இல்லாததால் இணைக்கப்படவில்லை.