காசு குடுத்து வாங்குற ஈரம்

ரொறன்ரோ
பெப்ரவரி மாசம்

அன்பின் தங்கச்சிக்கு,

ஏழு பேர்ச்சுல கட்டுற வீட்டுக்கு எங்க வீட்டு மாதிரியே பலகைத் தரை போடணும்னு மச்சான் ஒத்தக் கால்ல நிக்கிறாராமே. கரையான் ஏறாதான்னு அம்மாவும் கேட்டாங்களாம். எங்க வீட்டுக்கு இன்னும் கரையான் வரல்ல. அது வராமலேயே தரை தன்பாட்டுல வாயப் பொளந்துகிட்டு நிக்குது.

நீங்க பாத்த படம் ஆகஸ்ட்ல எடுத்தது. இப்ப பனிக்காலம். ராப்பகலா ஹீட்டர் ஓடுறதுல வீட்டுக் காத்து காஞ்சு, முக்கால் அங்குல ஓக் பலகை சுருங்கிப் போச்சு. இடுக்குல ஒரு ரூபா குத்தி நட்டுக்கிட்டு நிக்கும். கோடையில தானா மூடிக்குமாம். மரம்னா அப்படித்தானாம்.

வீட்டு ஈரப்பதம் 35-லருந்து 55-க்குள்ள இருக்கணும், தவறினா உத்தரவாதம் செல்லாதுன்னு பலகை வித்தவன் கடதாசியில போட்டிருக்கான். அதுக்காக ஹோல்ல ஒரு மீட்டர் மாட்டினோம். அன்னையிலருந்து வீட்டுல, நம்ம தோட்டத்துல மாதிரி, அதுதான் கங்காணி. விடிஞ்சா பெரட்டு அதுக்கு முன்னாலதான். 35-க்குக் கீழ போனா எனக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம் மாதிரி; உங்க அண்ணி தேத்தண்ணிகூட தரமாட்டா. ஈரம் ஊதுற மெசின் ஒண்ணும் வாங்கியாச்சு. ராத்திரி படுக்க முன்ன அதுக்குத் தண்ணி ஊத்தணும். குழாத் தண்ணி ஊத்தினா சாமான் மேலெல்லாம் வெள்ளையா படியுது. அதனால அதுக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி, போத்தல்ல. நான் குடிக்கிறது குழாத் தண்ணி.

தோட்டத்துல மழை பெஞ்சா ரப்பர்ப் பால் வெட்டு இல்ல, பேரும் இல்ல. அப்பா வானத்தப் பாத்து ஏசின அதே ஈரத்த நான் இங்க காசு குடுத்து வாங்குறேன். அவர்கிட்ட சொல்லாத, சிரிச்சே இருமல் கூடிடும்.

தீவாளிக்கு வாளி வாளியா ஊத்திக் கழுவுறதெல்லாம் இங்க நடக்காது. துணியப் பிழிஞ்சு, கிட்டத்தட்ட காஞ்சதாலதான் துடைக்கணும். செருப்புல ஒட்டி வர்ற மணல் போதும், வார்னிஷ்ல கீறு விழும். சுரண்டித் திரும்ப வார்னிஷ் அடிக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் பலகை தேயும். கதிரைக் காலுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கோம். அந்தக் கதிரை என்ன மரம் தெரியுமா? ரப்பர். பால் வத்தினா நாம வெறகாக்குவமே, அதே மரத்த மருந்தேத்திக் காய வச்சு கதிரையாக்கி விக்கிறான். பால் வெட்டினவர் மகன் குனிஞ்சு அதுக்குச் சொக்ஸ் போட்டுக்கிட்டிருக்கேன்.

இருந்தாலும் சொந்த வீடு. விருந்தாளி வந்தா தரையப் பாத்துட்டுத்தான் என்னைப் பாப்பாங்க. அது நல்லாத்தான் இருக்கு.

ஆனா நம்ம ருவான்வெல்லைக்கு இந்தப் பலகைத் தரை சரிவராது. நிலத்து ஈரம் சிமெந்து வழியா ஏறி, பலகையோட அடிப்பக்கம் ஊதி, ஓரமெல்லாம் தூக்கிக்கும். கரையானப் பத்தி அம்மா கேட்டதும் அங்க நியாயம்தான்.

அதனால மச்சான்கிட்ட சொல்லு: சிமெந்து போட்டு சிவப்பு பொலிஷ் அடிச்சா போதும், வசதின்னா டைல்ஸ். மிஞ்சுற காசுல கூரைக்குப் பீலி போடச் சொல்லு. நம்ம ஊர் மழைக்குத் தரையவிட பீலிதான் முக்கியம்.

இப்படிக்கு,
அண்ணன்