கேக்கை யார் செய்தது?

குலோப் ஜாமூனுக்கு இல்லாத வெட்கம் கேக்குக்கு மட்டும் ஏன்? தீபாவளிக்கு ஊரில் பாதிப் பேர் மிக்ஸ் பாக்கெட்டை வெட்டித்தான் ஜாமூன் உருட்டுகிறார்கள். "பாலைச் சுண்டக் காய்ச்சினீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வருஷம் ஜாமூன் வராது. கேக் மிக்ஸ் விஷயம் வேறு. மாவைக் கொட்டிய கையோடு அட்டைப்பெட்டி மடிந்து, பழைய பேப்பர் கட்டுக்குள் தலைமறைவாகிவிடும். "வீட்டுலயே செஞ்சதா!" என்று வந்தவர்கள் வியந்தால், "ஆமா, சும்மா ஏதோ" என்பாள் என் மனைவி. அந்த 'சும்மா'வுக்குள் பெட்டியின் பின்பக்கம் முழுக்க அடக்கம்.

'நான் செய்தது' என்று சொல்லிக்கொள்ளும் இந்த ஆசை பெட்டியோடு பிறந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கரும்புப்பாகு வியாபாரம் செய்த டஃப் கம்பெனி, பாகை மாவோடு சேர்த்து உலர்த்திய மிக்ஸுக்கு 1933-இல் காப்புரிமை வாங்கியது. முட்டைகூடப் பொடியாக உள்ளேயே இருந்தது. தண்ணீர் ஊற்றினால் போதும். 1935-இல் வாங்கிய அடுத்த காப்புரிமையில் முட்டைப்பொடி போயே போச்சு. தாங்களே முட்டை உடைத்து ஊற்றுவதுதான் இல்லத்தரசிகளுக்குப் பிடிக்கிறதாம். எர்னஸ்ட் டிக்டர் என்ற மனோதத்துவ நிபுணர் 1950-களில் கொடுத்த யோசனை இது என்று ஒரு கதை உலவுகிறது. காப்புரிமைத் தேதி அதற்கு ஒத்துவரவில்லை. புது முட்டை போட்டால் கேக் நன்றாக வரும் என்ற சாதாரணக் காரணத்தில் யாருக்கும் சுவாரஸ்யமில்லை போலும்.

சரி, இன்னொரு கேக் மிக்ஸின் பெட்டி மேல் பெயர் போட்டிருக்கிற பெட்டி கிராக்கர் அம்மாளாவது செய்தாரா? அப்படியொரு அம்மாளே கிடையாது! வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுத 1921-இல் ஒரு மாவுக் கம்பெனி கற்பனை செய்த பெயர் அது.

எங்கள் வீட்டுக்கு வரும் பெட்டியில் பச்சைப் புள்ளி இருக்கும், முட்டைக்கு வேலையில்லை. உழைத்த கௌரவத்தைக் குக்கர்தான் கொடுக்கிறது. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் கல்லுப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் பாத்திரம். 40 நிமிஷம் விசிலே வராத குக்கரை வேடிக்கை பார்க்கத் தனிப் பொறுமை வேண்டும். "இன்னும் ஒரு விசில்கூட வரலியே, கேஸ் தீர்ந்துபோச்சா?" என்று கூடத்திலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். மகள் ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டவில்லை என்று தீர்ப்பு சொல்வாள்.

கேக் உப்பி வந்துவிட்டால் பங்காளிகள் கிளம்பிவிடுவார்கள். கலக்கியவள் மனைவி, குத்தியவள் மகள், அடுப்பைத் தணிக்கச் சொன்னது அம்மா. காசு கொடுத்துப் பெட்டி வாங்கிவந்தவன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. நடுவில் குழி விழுந்தாலோ வீடே ஒரே குரலில், "இந்த மிக்ஸே சரியில்ல!"

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்கா ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "ரொம்ப நல்லாருக்கே, எந்த பேக்கரிம்மா?" என்று கேட்டுவிட்டார். மனைவி ஒன்றும் பேசவில்லை. கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப்போய்க் குக்கரைத் திறந்து காட்டினாள். உள்ளே, சாம்பல் நிறமாகக் காந்திப்போன கல்லுப்பு.

அக்கா எட்டிப் பார்த்தார். "இவ்ளோ உப்பு போட்டுமா கரிக்கல?"