ஸ்பிரிங் நைனா

நகரிப் பக்கம் விஜயபுரத்தில் ஒரு பழைய அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கிவிட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கோளாறு ஏதும் இருக்க வேண்டியதில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றத் திறந்திருந்தாலும் போதும். ஸ்பிரிங் நைனா வந்துவிடுவார். எந்தத் தெருவிலிருந்து வந்தார், யார் சொல்லி வந்தார் என்று கேட்கக் கூடாது. மடித்துக் கட்டிய வேட்டி, காதில் பென்சில், கையில் பழைய பிஸ்கட் டின். குலுக்கினால் சலசலக்கும். உள்ளே முழுக்க ஸ்பிரிங்.

விஜயபுரத்தில் மட்டும்தான் இப்படி ஒருவர் என்று நினைக்க வேண்டாம். புத்தூரில் ஒருவர் இருப்பார், பள்ளிப்பட்டில் ஒருவர், சித்தூர் போனால் தெருவுக்கு ஒருவர்கூட அகப்படலாம். இவர் மெக்கானிக் இல்லை, டிரைவர் இல்லை, கார்க்காரரும் இல்லை. மூன்றுமே ஆகாமல் மூன்று பேருக்கும் புத்தி சொல்கிற ரகம்.

நைனாவின் கோர்ட்டில் விசாரணை தமிழில் நடக்கும், தீர்ப்பு தெலுங்கில் வரும்.

"ஆயில் பிரஷர் எவ்ளோ காட்டுது?"

"காலையில நல்லாத்தான் கீது நைனா. சூடாச்சுன்னா ஸ்லோவுல பத்து பவுண்டுக்கு வந்துடுது."

கண்ணை மூடுவார். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பார். "ஸ்பிரிங் போயிந்தி."

புகை வருகிறது என்று வந்தவனுக்கும் இதே தீர்ப்புதான். ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் இதுதான். வைப்பர் ஆடவில்லை என்று ஒருவன் வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் சொல்லும் ஸ்பிரிங் எது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி., இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக வந்த பி.எம்.சி. குடும்பம். எஞ்சின் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப அதன் ஆயில் பம்ப் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அழுத்தம் எகிறும். அப்போது ஒரு சின்ன பிளஞ்சர், தன்னை அழுத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளி விலகி, மிஞ்சிய எண்ணெயைச் சம்ப்புக்கே திருப்பிவிடும். ரிலீஃப் வால்வு என்பது அவ்வளவுதான். பிளாக்கின் இடது பக்கம், பின்கோடியில், தொப்பி வைத்த ஒரு நட்டுக்குள் இருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாய்க்குக் கீழே கைவிட்டுத்தான் கழற்ற வேண்டும். நைனாவின் முழங்கைத் தழும்புகள் எல்லாம் அங்கே வாங்கியவை; சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போதுதான் அந்த ஸ்பிரிங்குக்கு வேலை. எண்ணெய் சூடாகி, எஞ்சின் ஸ்லோவில் ஓடி, மீட்டர் முள் பத்துக்கு இறங்கும்போது வால்வு மூடித்தான் கிடக்கும். பிளஞ்சர் அழுக்கில் சிக்கித் திறந்தபடி நின்றாலோ, அதன் சீட்டு தேய்ந்து கசிந்தாலோ தவிர, அந்த நேரத்தில் ஸ்பிரிங் வலுவாக இருந்தால் என்ன, தொய்ந்திருந்தால் என்ன? தேய்ந்த பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையில் எண்ணெய் வழிந்து போகிறது. அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. அல்லது பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டது. குக்கர் வெயிட்டைக் கனமாக்கினால் அடுப்பில் நெருப்பு கூடுமா?

இதை நைனாவிடம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. "எலும்புக்குப் புத்தூர் கட்டு, எஞ்சினுக்கு நம்ம ஸ்பிரிங்" என்று முடித்துவிடுவார்.

டின்னுக்குள் இருக்கும் சரக்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 1960ல் எல்லை பிரித்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரி ஆந்திரப் பக்கமே நின்றது. நைனாவின் டின் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட மோரிஸின் ஸ்பிரிங், ஸ்டாண்டர்டு ஹெரால்டினுடையது, ஜீப்பினுடையது, லாரியினுடையது, எதனுடையது என்று அவருக்கே தெரியாதது என எல்லாம் உண்டு. இரண்டு மூன்று மட்டும் நகரி விசைத்தறியிலிருந்து வந்தவை என்று எனக்குச் சந்தேகம்.

தேர்வு செய்யும் முறை எளிது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து. "இது அறுபது பவுண்டு." இன்னொன்று. "இது எழுபத்தஞ்சு, மலைக்குப் போறவனுக்கு." அவர் விரல்மேல் எனக்குப் பொறாமையே உண்டு. ஆனால் ஸ்பிரிங்கின் கணக்கு விரலுக்கு அடங்காது. சுற்றும் அகலமும் அதேதான் என்றாலும் கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தால் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பொருத்தமான ஸ்பிரிங் கிடைக்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. பழையதை இழுத்து நீட்டுவார். நாலு நாள் சூட்டில் அது பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அல்லது "டைட் ஆகட்டும்" என்று ஒரு சுற்றை வெட்டுவார். வெட்டினால் விறைப்பு கூடும், உண்மைதான். ஆனால் ஆள் குட்டையாகிவிடுகிறானே, நட்டைப் பூட்டும்போது முன்போல அமுங்க மாட்டான். வால்வு முன்னைவிடச் சீக்கிரமே திறந்துகொள்ளும். முள் எகிற வேண்டிய காலை நேரத்திலும் எகிறாது. நைனா அதற்கும் அசர மாட்டார். "மீட்டர் போயிந்தி."

அவருடைய உச்சபட்ச வைத்தியம் வாஷர். ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒன்று, போதாவிட்டால் இரண்டு. சில பழைய எஞ்சின்களில் கம்பெனியே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்திருந்தது என்பதால், இதில் அவருக்குப் பரம்பரை நியாயம் கொஞ்சம் உண்டு. காலையில் முள் எண்பதைத் தாண்டும். கார்க்காரர் முகத்தில் வெளிச்சம். டீ வாங்கித் தருவார். குடும்பத்தோடு மொட்டைபோடத் திருமலைக்குக் கிளம்பிவிடுவார். எண்பதின் பாரத்தைச் சுமப்பவை பம்பும், அதைச் சுழற்றும் பல்சக்கரமும், ஃபில்டர் சீலும். அவை டீ குடிக்கவில்லை. 1944ல் திறந்த முதல் மலைப்பாதையானாலும் சரி, இப்போது ஏறுவதற்கு விட்டிருக்கும் இரண்டாவது பாதையானாலும் சரி, வளைவுக்கு வளைவு சூடேறி முள் மறுபடியும் பத்துக்கே வந்து நிற்கும். நைனா அதற்குள் வேறொரு பானெட்டுக்கு அடியில் இருப்பார்.

அவருக்கு ஜென்மப் பகை ஒருவர்தான், பட்டறை மேஸ்திரி. மேஸ்திரிக்குப் பேச்சு குறைவு. ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போவார். இதே குடும்பத்து எம்.ஜி.பி. எஞ்சினுக்குக் கையேட்டில் உள்ள அளவு அவருக்கு மனப்பாடம்: சும்மா இருக்கும்போது 3 அங்குல நீளம், பொருத்திய நீளத்துக்கு அமுக்கினால் 16 பவுண்டுக்கு முன்பின், அதாவது ஏழு கிலோவுக்குச் சற்று மேலே. தராசில் நிறுத்தி, அளவு வரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் நல்லாத்தான் கீது. சம்ப்பை இறக்கணும்" என்பார். சம்ப்பை இறக்கினால் பேரிங், பேரிங் என்றால் கிராங்கு கிரைண்டிங், கிரைண்டிங் என்றால் லேத்துப் பட்டறை, பத்து நாள், கைநிறையப் பணம். கார்க்காரர் மேஸ்திரியைப் பார்ப்பார், நைனாவைப் பார்ப்பார், நைனாவின் டின்னைப் பார்ப்பார். டின்தான் ஜெயிக்கும். இதில் நைனாவை மட்டும் குறைசொல்வது தர்மமில்லை. முள் நிமிர்ந்து நின்றால் போதும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கும்வரை டின்னில் சரக்கு தீராது.

உத்தரபாராவில் 2014ல் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. ரோட்டில் இப்போது நைனாவுக்குப் பானெட் கிடைப்பது அபூர்வம். அவர் ஓட்டுவது ஒரு டி.வி.எஸ். 50, பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுகிற வண்டி. ஆயில் பம்ப்பே கிடையாத அந்த எஞ்சினை அவர் வண்டி என்றே மதிப்பதில்லை.

போன மாதம் திருப்பதி போகிற புதுக் கார் ஒன்று ஊருக்குள் நின்றது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினே தெரியாமல் பிளாஸ்டிக் மூடி. நைனா சுற்றிச் சுற்றி வந்தார். உதவிக்கு வந்த கம்பெனிப் பையனிடம் கேட்டார்:

"ஏம்பா, இதுல பிரஷர் ஸ்பிரிங் எங்க கீது?"

"பம்ப்புக்குள்ளயே இருக்கும் தாத்தா. அதையெல்லாம் நாங்க பிரிக்கிறதில்ல. பம்ப்பையே மாத்திடுவோம்."

நைனா டின்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ வாஷரை எங்கதான்டா போடுவீங்க?"