கனம் பார்த்து வாங்கும் புத்தகம்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைக் கற்கப் புத்தகம் தேடுகிறவர் முதலில் பார்ப்பது கனத்தைத்தான். ஆயிரம் பக்கம் என்றால் சரக்கு இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இருக்கிறது: மென்பொருளைத் திறப்பது எப்படி என்பதற்கே ஓர் அத்தியாயம். டேபிள்களை எப்படிப் பிரிப்பது என்ற நார்மலைசேஷன் சமாசாரம் மட்டும் மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். அது பிசகினால் மீதி அத்தனை பக்கமும் வீண் என்பது வேறு கதை.

அட்டையில் ஆண்டு முக்கியம். 2003 பதிப்புக்கான நூலை நடைபாதைக் கடையில் பாதி விலைக்கு அள்ளி வந்தவர், 2007-இல் மெனுக்களுக்குப் பதில் ரிப்பன் வந்த மென்பொருளில் டூல்ஸ் மெனுவைத் தேடிக்கொண்டே இருப்பார். இல்லாத ஊருக்கு வழி சொல்ல முந்நூறு ரூபாய்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் நார்த்விண்ட் என்ற கற்பனைக் கம்பெனிதான். அதன் சரக்குப் பட்டியலில் முதல் வரியே ‘சாய்’. நம்ம டீதான், 20 பை கொண்ட 10 பெட்டி, 18 டாலர். இதை வைத்து நீங்கள் அபார்ட்மென்ட் பராமரிப்புக் கணக்கு போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் பின்பக்கச் சொல்லடைவில் ‘நல் (Null) வேல்யூ’வைத் தேடிப் பாருங்கள். ஒரு காலிக் கட்டம் இன்னொரு காலிக் கட்டத்துக்குச் சமமில்லை என்பதைப் பொறுமையாக விளக்கியிருந்தால், எழுதியவர் இந்த மென்பொருளிடம் நன்றாக அடி வாங்கியவர். பேரம் பேசாமல் வாங்கலாம்.